கீழ்க்கோடு

சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தைப் பெனிட்டோ சித்தப்பா தூக்கிவிட்டார். மறுபக்கத்தைத் தூக்கவேண்டிய யூஜின் இன்னும் கைகூட வைக்கவில்லை. மேசைமேல் விரித்த பழைய செய்தித்தாளில் துப்பாக்கி பிரித்துப் போட்டபடி கிடந்தது.

"மொதல்ல அத்த எடுறா. உருளுது பாரு."

உருண்டது ஒரு திருகு. யூஜின் விளிம்பில் அதைப் பிடித்தான். இன்னொரு திருகு பாட்டில் மூடிக்குள் பத்திரமாக இருந்தது. அது அப்பா எடுத்துவைத்தது.

வாசலில் ஐஸ் பாக்ஸ் வண்டி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. காட்டுப்பாக்கத்தில் அவர்களுடைய சந்துக்குள் தண்ணி லாரி, கேஸ் வண்டி, கல்யாண சீர்வரிசை எல்லாமே ரிவர்ஸில்தான் வரும். இதுவும் அப்படித்தான் வந்தது, ஏதோ சினிமாப் பாட்டை ரிவர்ஸ் ஹாரனில் பாடிக்கொண்டு.

அப்பா அந்தோணிராஜ் பக்கத்து அறைக் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தார். விடிந்ததும் எழுந்து, துப்பாக்கியைப் பிரித்து, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்க ஆரம்பித்து, "நெஞ்சு ஒரு மாதிரி கீது லூர்து" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர். அம்மா சுடுதண்ணீரோடு வருவதற்குள் போய்விட்டார். தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, தன் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, "முடிஞ்சிடுச்சும்மா" என்றார். அப்பா, பாடி தொழிற்சாலையில் லாரி அச்சு கோக்கும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். எதையும் பாதியில் விடமாட்டார் என்று பெயர். அவர் பாதியில் விட்ட ஒரே வேலை மேசைமேல் கிடந்தது.

யூஜின் ஒவ்வொன்றாக எடுத்தான். குழலும் விசையும் சேர்ந்த இரும்புப் பகுதி. அதைத் தாங்கித் தோளில் அண்டக் கொடுக்கும் மரக்கட்டை. இரண்டையும் இணைக்கும் திருகுகள். கடைசியாக டார்க் ரெஞ்ச்.

ஒரு சாண் நீளம்தான் அது. கைப்பிடியைத் திருகி ஓர் எண்ணில் நிறுத்திவிட்டால், திருகு அந்த இறுக்கத்துக்கு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லிவிடும். அதற்குமேல் கையை வைக்காதே என்று அர்த்தம். அந்த வீட்டில் இயேசுவுக்கு அடுத்த இடம் ரெஞ்சுக்குத்தான். மாதாவே மூணாவது என்பது அம்மாவின் புகார்.

யூஜின் அதைக் கையில் எடுத்ததும், கட்டைவிரல் தானாகக் கைப்பிடிக்குப் போய், கரகரவென்று பின்பக்கம் திருகி, எண்கள் தொடங்கும் கீழ்க்கோட்டுக்கு இறக்கியது. பெட்டியில் வைத்து மூடினான். மனசு பக்கத்து அறையில் இருந்தது. கை மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

"வேலை முடிஞ்சா கீழ்க்கோட்டுக்கு எறக்கி வைடா. ஸ்பிரிங்கும் தூங்கணும்." சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லி அலுத்த வாக்கியம் அது. யூஜின் ஒருநாளும் செய்ததில்லை. மெக்கானிகல் கடைசி வருடம் படிக்கிறவனுக்கு ஸ்பிரிங் தளர்வதைப் பற்றி ஒரு பாடமே உண்டு. அந்தப் பாடத்தில் அவனுக்கு அரியரும் உண்டு.

"இப்பத் தூக்கு" என்றார் சித்தப்பா. தூக்கினான்.

பதினொரு மணிக்குள் நூம்பல் வரை செய்தி போய்விட்டது. ஆனால் போன செய்தி வேறு.

பக்கத்து வீட்டு ஜெயராமன் முதலில் வந்தார். அந்த மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல்வயல். இப்போது அவருக்கு மிச்சம் ஒரு வீடும், தெருவில் நடக்கும் எதையும் விசாரிக்கும் உரிமையும். யூஜினைத் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டார்.

"தம்பி, மனச தளர உட்றாத. எங்க பட்டுச்சு?"

"எது அங்கிள்?"

"குண்டு."

யூஜின் அவரைப் பார்த்தான். "ஹார்ட் அட்டாக் அங்கிள்."

"ஹார்ட்லயா பட்டுச்சு?" ஜெயராமன் கண்ணை மூடிக்கொண்டார். "தொடைக்க சொல்லோ வெடிச்சிட்சின்னு எதிர்வூட்டு மங்களம் சொன்னா. நான் நம்பல."

"அது காத்துத் துப்பாக்கி அங்கிள். பெல்லட்டுதான். அதுவும் பிரிஞ்சி கெடந்துச்சு."

"போலீஸ் கேட்டா இதையே சொல்லு தம்பி. மாத்தாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஐஸ் பாக்ஸின் கண்ணாடி வழியாக அப்பாவின் சட்டையை நெடுநேரம் ஆராய்ந்தார்.

இந்த வதந்தி மத்தியானத்துக்குள் செத்திருக்கும். ஆனால் யூஜினின் நண்பன் ஜெகன் அதற்குள் பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டான். சந்து முனையில் எட்டடி உயரத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் அப்பா, முழுத் துப்பாக்கியை மார்போடு அணைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கை ஃபெபி துப்பாக்கி சுடுதலில் மாவட்டப் பதக்கம் வாங்கிய அன்று எடுத்த படம்.

"இன்னா மச்சான் இது?" என்றான் யூஜின்.

"நீதான மச்சி அனுப்ன? நைனா அந்த ஒரு போட்டோலதான் சிரிச்சிகினு கீறாரு. மீதி எல்லாம் ஆதார் கார்டு மாரி கீது."

அதில் உண்மை இருந்தது. யூஜின் பேனரை அப்படியே விட்டுவிட்டான். பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

ஐஸ் பாக்ஸ் ஹாலின் நட்டநடுவில் இருந்தது. அந்த வீட்டில் அது சாதாரண இடம் அல்ல. வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். வாசல் கதவருகே நின்றால் ஹால், நடை, பின்கதவு, துணி துவைக்கும் கல், காம்பவுண்டுச் சுவர் எல்லாம் ஒரே கோட்டில் தெரியும். சுவரில் இரும்புப் பெட்டி அடித்து அதில் குறி அட்டை மாட்டினால், வாசலுக்கும் அட்டைக்கும் சரியாகப் பத்து மீட்டர். ஃபெபி பள்ளிக்கூட நாளிலிருந்து இங்கேதான் சுட்டுப் பழகினாள். அவள் கால் வைக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கும். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருகிற யாரும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். அதனால் வீட்டில் ஒரு சட்டம்: "குறுக்க வர்றேன்" என்று குரல் கொடுக்காமல் நடையில் கால் வைக்கக் கூடாது.

வந்தவர்களுக்குக் காப்பி எடுத்துவந்த அம்மா நடையில் நின்று, "குறுக்க வர்றேன்" என்றாள்.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் நடக்காததுபோல் வந்து காப்பி கொடுத்தாள். கோட்டின் நடுவே அப்பா மட்டும் யாருக்கும் குரல் கொடுக்காமல் படுத்திருந்தார்.

ஃபெபி அழுது ஓய்ந்து, முகம் கழுவிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். யூஜின் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"துப்பாக்கி எங்கடா?"

"பீரோ மேல. எதுவும் தொலையல. ரெண்டு ஸ்க்ரூவும் கீது."

"ரெஞ்சு?"

"பெட்டிக்குள்ள."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, காலால் தரையில் கிடந்த பெல்லட்டைத் தள்ளினாள். "நம்பர் அதுலயே நிக்குதுல்ல?"

"எந்த நம்பரு?"

"நேத்து சாயந்தரம் அஞ்சும் ஒரே ஓட்டைல போச்சுடா. ஒரு வாரமா அவரும் மாத்தி மாத்தி திருகிப் பாத்தாரு. நேத்துதான் கெடச்சிது. எந்த நம்பருன்னு கேட்டேன், சொல்லல. 'ஞாயித்துக்கெழம முடியட்டும், உன் கோச்சு மூஞ்சிக்கு நேரா நானே சொல்றேன்'னாரு." அவள் குரல் இங்கே ஒருமுறை பிசகி, மறுபடி நேரானது. "காலைல தொடச்சிட்டு அதே நம்பர்ல ஏத்திடறேன், ரெஞ்சுல அப்டியே வெச்சிருக்கேன், எவனும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுதான் படுத்தாரு. நீ எப்ப வந்த நேத்து?"

யூஜின் நேற்று ஜெகனோடு அம்பத்தூரில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"லேட்டா" என்றான்.

"சரி, அந்த ரெஞ்ச யார் கைலயும் குடுத்துராத."

"ம்."

ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு. இன்று வெள்ளி. யூஜின் கல்லைவிட்டு எழுந்தான். உட்கார முடியவில்லை.

திருகை எவ்வளவு இறுக்கினால் என்ன என்று அவனும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறான். அதற்கு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே வகுப்பெடுத்தார். குழலுக்குள் முறுக்கு முறுக்காகப் பள்ளம் வெட்டியிருக்கும். பெல்லட் அதில் சுழன்றுகொண்டே போகும். சுழன்றால்தான் நேராகப் போகும். பெல்லட் வலப்பக்கம் சுழன்றால் துப்பாக்கி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். "நான் ஒண்ணு சொன்னா உங்கம்மா எதிர்ப்பக்கம் திரும்பறா மாரி" என்று அப்பா சொல்ல, அம்மா சமையலறையிலிருந்து ரசத்துக்கு உப்பு போடாமல் பழிவாங்கினாள். பெல்லட் கிளம்புகிற அந்த நொடியில் குழல் தம்புராக் கம்பி மாதிரி அதிரும். கட்டையோடு அதைக் கட்டிப்போட்டிருக்கும் இறுக்கம் மாறினால் அதிர்வும் மாறும், அட்டையில் ஓட்டையும் இடம் மாறும். "டைட்டா லூசாங்கறது இல்லடா விஷயம். ஒவ்வொரு வாட்டியும் அதே டைட்டு. அதான் விஷயம்." ஃபெபியின் கோச் இதை ஒத்துக்கொண்டதில்லை. நல்ல கனமான குழல், கம்பெனிக்காரன் சொன்ன எண், நல்ல தூக்கம், இது போதும் என்பார். இரண்டு பேரும் மைதானத்தில் சந்தித்தால் ஃபெபி தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

இப்போது அந்த எண் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் இருந்திருக்கிறது. அதை யூஜினின் கட்டைவிரல், மிகுந்த பொறுப்போடு, கீழ்க்கோட்டுக்கு இறக்கிவிட்டது.

அவன் பீரோ மேலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டான். கண்ணை மூடினான். காலையில் கைப்பிடி எத்தனை சுற்று சுற்றியது? கரகர என்று நாலு தடவையா, ஆறா? மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தான். எல்லாமே அதுதான் போல இருந்தது. எதுவுமே அது இல்லை போலவும் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. "இன்னாடா உள்ள கரகரன்னு?" பெனிட்டோ சித்தப்பா.

"கொழா சித்தப்பா. டைட்டா கீது."

"உங்கப்பன் மூடுன கொழாயா? அதத் தொறக்க ஜே.சி.பி.தான் வரணும்."

அன்று முழுக்க அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், போட்ட நாற்காலியைக் காரணமில்லாமல் மாற்றிப் போட்டான். யார் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டாலும், மறுகையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றோடொன்று உருண்டுகொண்டே இருந்தன: காலையில் சுற்றிய சுற்றைத் தேடி. அத்தை முறையாகவேண்டிய ஒருத்தி அதைக் கவனித்து அம்மாவிடம் போய், "பாவம் லூர்து, புள்ள நிறுத்தாம ஜெபமால உருட்டுது. உன் வளர்ப்பு வீண் போகல" என்றாள். அம்மா மகனின் கையைப் பார்த்தாள். அவளுக்குப் பழக்கமான அசைவுதான் அது. வேறொருவர் கையில் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃபெபியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனான். முதல் தடவை அவள் ஐஸ் பாக்ஸின் மேல் தலைவைத்திருந்தாள். அடுத்த தடவை, அவனைப் பார்த்ததும், "நம்பர் என்னன்னு இப்ப சொல்லாதடா" என்றாள். "நாளைக்கி எல்லாம் முடிஞ்சப்புறம் நானே பாக்கறேன். அப்பா சொல்ற மாரி இருக்கும்." அவன் திரும்பி வந்து, மீண்டும் நாற்காலிகளை அடுக்கினான்.

சுட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அது ஒன்றுதான் வழி. அதற்கு ஹால் வேண்டும். ஃபெபி நின்று சுடும் உயரத்துக்குப் பெல்லட் ஐஸ் பாக்ஸுக்கு இரண்டடி மேலேதான் போகும், கணக்குப்படி இடிக்காது என்பதையும் யூஜின் யோசித்தான். யோசித்ததற்காக எழுந்துபோய் மெழுகுவத்தி ஒன்று ஏற்றினான்.

சனிக்கிழமை காலை பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். முகம் பார்ப்பவர்கள் பார்த்தாயிற்று. அம்மா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டுத் தலையசைத்தார். சவப்பெட்டிக்காரர் மூடியை வைத்து, பித்தளைத் திருகுகளைச் சித்தப்பா கையில் கொடுத்தார்.

சித்தப்பா முதல் திருகைத் தன் முழுச் சோகத்தையும் சேர்த்து இறுக்கினார். உள்ளே மரம் அரைபட்டு, திருகு சும்மா சுற்ற ஆரம்பித்தது.

"வழுக்கிடுச்சு" என்றார், அழுதுகொண்டே.

"குடு சித்தப்பா."

யூஜின் மண்டியிட்டான். அந்தத் திருகை எடுத்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஓர் இடத்தில் வைத்தான். கை தாங்கும் அளவு திருகி, நிறுத்திவிட்டு, எதிர் மூலைக்குப் போனான். அங்கே கொஞ்சம். பிறகு குறுக்கே மற்ற மூலை. பிறகு அதன் எதிர். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதல் மூலை, இன்னும் கால் திருப்பு. மூடி எந்தப் பக்கமும் தூக்காமல் ஒரே சீராக இறங்கியது. லாரிச் சக்கரத்தின் நட்டை அப்படித்தான் போடவேண்டும் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கூட்டம் காத்திருந்தது. சாமியார் புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஸ்டெப்னியாடா மாத்தற?" என்று சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "சட்டுனு முடிறா."

"ஆச்சு சித்தப்பா."

ஃபெபி எதிரே நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் திருகு தாங்கியதும் அவன் விட்டுவிட்டான். அதற்குமேல் ஒரு இழை திருகவில்லை.

ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

கைகால் கழுவும் குழாயடியில் சொல்லிவிட்டான். வேறு இடம் கிடைக்காது என்று தோன்றியது.

"ரெஞ்சுல நம்பர் இல்ல ஃபெபி. நேத்து டேபிள காலி பண்ணப்போ நான்தான் கீழ்க்கோட்டுக்கு எறக்கிட்டேன்."

அவள் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். பின்னால் வரிசை நின்றது.

"நீயா?"

"ம்."

"நீ ஏன்டா எறக்குன? நீ என்னிக்குமே எறக்க மாட்டியே."

"தெரியல. கையில எடுத்தேன். எறக்கிட்டேன்."

அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா என்று யூஜினுக்கு ஒரு சந்தேகம் வந்தது. முகத்தைத் தண்ணீரால் மூடிக்கொண்டதால் தெரியவில்லை. "அந்தாளு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். வேனில் வீடு திரும்பினார்கள். சந்து முனையில் பேனரைக் கடக்கும்போது, "நான் நாளைக்கி போகல" என்றாள்.

வீட்டில் ஹாலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஐஸ் பாக்ஸ் இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக இன்னும் காயவில்லை. வெளியே பந்தலில் சித்தப்பாவும் ஜெயராமனும் இன்னும் சிலரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபெபி போகப்போவதில்லை என்ற சேதி அங்கே நல்ல வரவேற்பைப் பெற்றது.

"அதான் சரி" என்றார் சித்தப்பா. "அண்ணன் போயி மண்ணு கூட காயல. இந்த வர்சம் இல்லன்னா அடுத்த வர்சம். துப்பாக்கி எங்க போவப் போது?"

அம்மா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏன் போகலயாம்?" என்று யூஜினைக் கேட்டாள்.

அவன் அதையும் சொன்னான். எண், கீழ்க்கோடு, குளியலறை எல்லாம். சித்தப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஜெயராமனுக்குக் குண்டு வெடிக்கவில்லை என்பது இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தார்.

அம்மா டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"ஒரு வாரமா அந்த மனுசன் ராப்பகலா அதத்தான் திருகிகினு கெடந்தாரு. சோறு ஆறிப் போவும், கூப்ட்டா 'இன்னும் ஒரு ஷாட்டு'ன்னுவாரு. அவரு தேடுனா நீங்களும் தேடுங்க." பின்கதவைப் போய்த் திறந்தாள். துவைக்கும் கல்லைத் தாண்டிப்போய் இரும்புப் பெட்டியில் புது அட்டையை மாட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் எந்தக் கிளிப்பில் மாட்டவேண்டும் என்பது தெரிந்திருந்தது. திரும்பி வந்து, கொடியில் கிடந்த ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அண்ணி" என்று ஆரம்பித்த சித்தப்பா, டீயைக் குடித்தார்.

யூஜின் மேசையை இழுத்துப் போட்டான். குழலைக் கட்டையில் பொருத்தினான். சுவரில் தினக் காலண்டர் வியாழக்கிழமையிலேயே நின்றிருந்தது; யாரும் கிழிக்கவில்லை. அதையும் வெள்ளிக்கிழமையையும் கிழித்தான். வெள்ளிக்கிழமைத் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, முனைவரை இழுத்துப் பார்த்தான். எங்கும் தட்டாமல் போய்வந்தது. குழல் எதன்மேலும் சாயாமல் தனியாக நிற்கிறது என்று அர்த்தம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மூணுலேர்ந்து போலாம்" என்றான். ரெஞ்சை ஏற்றினான். முன்திருகு, க்ளிக். பின்திருகு, க்ளிக்.

ஃபெபி ஜாக்கெட் போட்டுக்கொண்டு டேப்பில் கால் வைத்தாள். டேப்பின் ஒரு ஓரம் கழுவிய ஈரத்தில் கிளம்பியிருந்தது, குதிகாலால் அழுத்திக்கொண்டாள். முதல் சத்தத்துக்குப் பந்தலில் ஜெயராமன் டீயைச் சிந்தினார்.

எண் மூன்றில் ஐந்து ஓட்டையும் ஐந்து திசையில் போயின. மூன்றரையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலில் நாலு ஓட்டை ஒட்டிக்கொண்டு ஒன்று தனியாக நின்றது, சொத்துப் பேச வந்த அண்ணன் தம்பிகள் மாதிரி. ஒவ்வொரு அட்டைக்கும் யூஜின் பின்சுவருக்கு ஓடி, எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து, திருகுகளைத் தளர்த்தி, மறுபடி இறுக்கினான். இரண்டு நாளாக நிலைகொள்ளாமல் அலைந்த கால்களுக்கு இப்போது போய்வர ஓர் இடம் இருந்தது.

நாலரையில் ஃபெபி ஐந்தும் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை இறக்கினாள். அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒரே ஓட்டை. விளிம்பு மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது.

"இன்னொருக்கா" என்றாள். "முழுசா கழட்டி மாட்டு."

முழுசாகக் கழற்றி மாட்டினான். நாலரை. க்ளிக். க்ளிக். மறுபடி ஒரே ஓட்டை. ஐந்தில் வைத்தபோது சிதறியது. திரும்ப நாலரைக்கு வந்தபோது சேர்ந்துகொண்டது.

"இதான் அவரு வெச்ச நம்பரா?"

"தெரியல" என்றான் யூஜின். "வேறயாவும் இருக்கலாம்."

"முந்தாநேத்து இத விட சின்னதா போன மாரி இருந்துச்சு."

"இருக்கும்."

அவள் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியே பின்சுவர் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு இறக்கினாள். "காலைல எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"ஆறரைக்கி ஜெகன் வண்டி கொண்டாறேன்னான்."

அவள் மீண்டும் டேப்பில் நின்றாள். இன்னும் ஐந்து பெல்லட் மிச்சமிருந்தது.

"குறுக்க வர்றேன்."

ஃபெபி குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தினாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து, நடையைத் தாண்டி, ஹாலுக்குள் நடந்தாள். காயாத அந்த நீள்சதுரம் வந்ததும் மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். மேசைமேல் இரண்டு டம்ளர் காப்பியை வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

ஃபெபி மிச்ச ஐந்தையும் சுட்டு முடித்ததும், யூஜின் திருகுகளைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்தான். மேசையில் சிந்தியிருந்த எண்ணெயைத் துடைத்தான். வேலை முடிந்திருந்தது. ரெஞ்சைக் கையில் எடுத்ததும் கட்டைவிரல் கைப்பிடிக்குப் போய், திருக ஆரம்பிக்கும் இடத்தில் நின்றது.

நாலரையிலேயே விட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினான்.